கொமினிகேஷன் கடையில் இருந்துகொண்டு தொழில்நுட்ப எழுத்தாளர் ஆகலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 25 வயது. தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கிண்ணியாவில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகத் தமிழில் வலைப்பதிவு எழுதுகிறேன். 140 பதிவுகள் போட்டாகிவிட்டது, வாசிக்கிறவர்கள் மிகக் குறைவு. யூடியூபுக்குப் போகச் சொல்கிறார்கள், முகம் காட்டுவதில் வீட்டில் விருப்பமில்லை. பதிவுகளைப் புத்தகமாகப் போட்டால் பெயர் வரும், பிறகு டிவியில் தானாகக் கூப்பிடுவார்கள் என்கிறார் ஒருவர். ஓர் அச்சகத்தில் 500 பிரதிக்கு 180,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு 600 ரூபாய் விலை போடலாம் என்று நினைக்கிறேன். உம்மா தன் காப்பை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறா. கொழும்புக்குப் போனால்தான் இந்தத் துறையில் வரலாமா? நீங்கள் இதில் எப்படி வாழ்கிறீர்கள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிண்ணியா

தங்கச்சி,

முதலில் உம்மாவின் காப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை அடகு வைக்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே வருகிறது. மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுதியதை வாசிக்காமல் புத்தி சொல்வது சரியில்லை என்று பட்டது. இரண்டு இரவுகள் எடுத்து 140 பதிவுகளையும் வாசித்தேன். நூற்றுக்கு மேற்பட்டவை புதிதாக வந்த போன்களைப் பற்றியவை. எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜி.பி., என்ன விலை. தமிழ் நன்றாக இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அந்தப் போன்களில் ஒன்றையாவது நீங்கள் கையில் வைத்துப் பார்த்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத் தளங்களில் இருப்பதைத் தமிழில் தந்திருக்கிறீர்கள். அதே விபரத்தைச் சென்னையில் பத்துப் பேர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் சொல்கிறார்கள். வாசகர் அங்கே போய்விடுகிறார்.

அப்புறம் அந்த ஒரு பதிவு. டுபாயில் வேலை செய்யும் மகனோடு பேச முடியவில்லை என்று கடைக்கு வந்த வாப்பா ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வட்ஸ்அப்பில் செய்தி போகிறது, குரல் பதிவு போகிறது, அழைப்பு மட்டும் போவதில்லை. போன் பழுது என்று நினைத்து ஏற்கனவே இரண்டு கடைகளில் காசு கொடுத்திருக்கிறார். ஒரு கடையில் மைக்கையே மாற்றியிருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லை, அங்கே அனுமதி பெற்ற செயலிகள் வேறு உண்டு என்று நீங்கள் அவருக்கு விளக்கினீர்கள். அதில் ஒன்றை இறக்கிக் கொடுத்து, கடையில் நின்றபடியே மகனோடு பேச வைத்தீர்கள். மகனின் முகம் திரையில் வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே மூதூரில் இருந்தும் புல்மோட்டையில் இருந்தும் ஆட்கள் தங்கள் வீட்டுக் கதையை எழுதியிருக்கிறார்கள். மற்றப் பதிவுகளுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

நம் ஊர் ஆள் ஒருவருக்கு ஒரு கருவியோ செயலியோ ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தானே செய்து பார்த்துச் சரியாகச் சொல்வதுதான் தொழில்நுட்பச் செய்தியாளரின் வேலை என்று நான் நினைக்கிறேன். வலைப்பதிவு, வானொலி, டிவி, புத்தகம் எல்லாம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாத்திரங்கள். நீங்கள் பாத்திரம் தேடி அலைகிறீர்கள். உள்ளே ஊற்ற வேண்டியது காலை எட்டரைக்கே உங்கள் கடை மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறது. ரீலோட் போட வருகிறவர், கடவுச்சீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வருகிறவர், போட்டோ எடுக்கவே இடமில்லை என்று போனை நீட்டுகிறவர், வெளிநாட்டு வேலை என்று வந்த இணைப்பை அழுத்தலாமா என்று கேட்கிறவர். கொழும்பில் குளிர் அறையில் இருந்து எழுதுகிற எவருக்கும் இந்த வரிசை கிடைக்காது.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் கடை மூடுவதற்கு முன் பத்து நிமிடம் எழுதுங்கள். திகதி, என்ன போன், வந்தவர் பிரச்சினையைத் தன் வாயால் எப்படிச் சொன்னார், நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், எது சரிவந்தது, எது சரிவரவில்லை. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவது முக்கியம். 'நெட் வேலை செய்யுது, கோல்தான் போகுதில்ல' என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அதைப் 'பயனர் அழைப்புச் சேவையில் சிக்கலை எதிர்கொண்டார்' என்று நீங்கள் மாற்றினால், நாளைக்கு அதே பிரச்சினையோடு தேடுகிற இன்னொருவர் உங்கள் பதிவைக் கண்டுபிடிக்கவே மாட்டார். மனிதர் தேடுவதும் தான் பேசுகிற வார்த்தையில்தான்.

கொப்பியில் பெயரோ இலக்கமோ எழுத வேண்டாம். போனை உங்கள் கையில் தருகிறவர் தன் வீட்டுச் சாவியைத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தையோ செய்தியையோ தேவைக்கு மேல் பார்க்கக் கூடாது. பார்த்ததை எழுதவும் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் வருமுன்பே இது மரியாதை.

எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். நான் 2008 இல் வலைப்பதிவு தொடங்கினேன். அந்தக் காலத்தில், பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் நம் பதிவு வந்தால் அன்று இரவே எங்கெங்கோ இருந்து வாசகர் வருவார்கள். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் கிடையாது. பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்க வாரத்துக்கு ஒருமுறை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வருவேன். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தது. பத்திரிகைப் பத்தி அதற்குப் பிறகு வந்தது. பத்திக்குக் கிடைக்கும் தொகை மாதத்தில் ஒரு வாரச் செலவுக்குக் காணும். டிவி நேர்காணல்களுக்கு எனக்குப் பெரும்பாலும் பணம் கிடைத்ததில்லை, போய்வரும் செலவும் என்னுடையதுதான். வீட்டை நடத்துவது மொழிபெயர்ப்பும் பயிற்சி வகுப்புகளும். செயலிகளின் திரைச் சொற்களைத் தமிழாக்குவது, கையேடுகள் எழுதுவது, ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இரண்டு நாள் பட்டறை நடத்துவது. அந்த வேலைகளைத் தருகிறவர்கள் என் கட்டுரைகளை வாசித்துத்தான் வந்தார்கள். ஆக, எழுத்து எனக்கு நேரடியாகச் சோறு போடவில்லை. சோறு தருகிறவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது எழுத்துதான். ஆகவே கடை வேலையை விட வேண்டாம். அதில் சம்பளமும் இருக்கிறது, உங்கள் செய்தியும் இருக்கிறது.

விளம்பர வருமானத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. கூகுள் அட்சென்ஸ் 2018 பெப்ரவரியில்தான் தமிழை ஏற்றது. கணக்கில் 10 டொலர் சேர்ந்தால் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இலக்கத்தைக் கடிதத்தில் அனுப்புவார்கள், 100 டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். விண்ணப்பித்து வையுங்கள், வரும்போது வரட்டும். அதை நம்பித் தலைப்பு வைக்கத் தொடங்கினால் எழுத்து கெட்டுவிடும்.

இனி டிவி. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒருவருக்குத் தீங்கு செய்தது அங்கேதான்.

ஒரு காலை நிகழ்ச்சி. நிலையத்தின் பெயர் தேவையில்லை, பிழை என்னுடையது. இரவு ரயிலில் போய் இறங்கி, கோட்டை நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு கலையகத்துக்குப் போனேன். ஏழு நிமிடம் என்று சொன்னார்கள், மேசையில் உட்கார்ந்த பிறகு நாலு நிமிடம் என்றார்கள். இணைய மோசடி பற்றிய பேச்சு. முடிகிற நேரத்தில் அறிவிப்பாளர், 'எங்கள் நேயர்களுக்கு ஒரே வரியில் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டார். 'ஓ.டீ.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், அது போதும்' என்றேன். ஓ.டீ.பி. என்பது கணக்கைத் திறக்கப் போனுக்கு வரும் ஒருதடவை இலக்கம். அழகான வரி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சந்தோஷமாக ஊருக்கு வந்தேன்.

மூன்று கிழமை கழித்து மூதூரில் இருந்து ஓர் அம்மா மகளோடு என் வீட்டுக்கு வந்தா. உதவித் திட்டத்தில் பெயர் பதிவதாக யாரோ அழைத்திருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஓர் இடத்தைத் திறக்கச் சொல்லி, எட்டு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீட்டை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அம்மா அதைப் போட்டிருக்கிறா. அவ்வளவுதான். அம்மாவின் வட்ஸ்அப் அவர்களுடைய கணினியிலும் திறந்துகொண்டது. அன்று பின்னேரமே அம்மாவின் பெயரில் உறவினருக்கெல்லாம் அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போயிருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி உடனே அனுப்பிவிட்டார்.

சாதனம் இணைக்கும் வசதியில் குறியீடு தோன்றுவது மோசடிக்காரரின் திரையில். நம் ஆள் அதைத் தன் போனில் போட்டுத் தானே அனுமதி கொடுக்கிறார். இவரிடம் இருந்து ஓர் இலக்கமும் வெளியே போவதில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: 'தம்பி, நீங்க டிவியில ஓ.டீ.பி. சொல்லக் கூடாது எண்டுதானே சொன்னீங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லையே. அவங்கதான் எனக்குச் சொன்னவங்கள்.'

அவவுக்கு என்னில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது. நான் 'அது போதும்' என்று சொன்னேன். அந்த இரண்டு சொல்லுக்கும் எந்த ஆதாரமும் என்னிடம் இருக்கவில்லை. நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு அன்றே எழுதினேன், அடுத்த வாரம் இரண்டு நிமிடம் தந்தார்கள், திருத்திச் சொன்னேன். பழைய பதிவின் தலைமாட்டில் திகதியோடு திருத்தம் போட்டேன். முதல் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தத் திருத்தத்தையும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

ஊடகத்தில் பேசப் போகும் உங்களுக்கு இதில் இருந்து நான் தரக்கூடியது: ஒரே வரியில் கேட்டால் 'ஒரே வரியில் சொல்ல முடியாது, ஆனால் ஓர் உதாரணம் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகுங்கள். கேட்டது தெரியாவிட்டால் 'அதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை' என்று நேரடி நிகழ்ச்சியிலும் சொல்லலாம். ஒருவரும் உங்களை எழும்பிப் போகச் சொல்லமாட்டார்கள். நாலு நிமிடத்துக்கு ஒரு விஷயம்தான். இரண்டாவதைக் கொண்டுபோகாதீர்கள்.

முகம் காட்டுவதில் வீட்டில் விருப்பமில்லை என்பதை ஒரு தடையாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வானொலி இருக்கிறது. நம் மாகாணத்தில் அதற்கு இன்னும் காது இருக்கிறது, கடலுக்குப் போகிறவரும் கடையில் இருக்கிறவரும் கேட்கிறார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது எனக்குப் பதினெட்டுக் குரல் பதிவுகள் வந்தன. கடல் உள்ளே வருகிறது என்று ஒன்று, குளம் உடைந்துவிட்டது என்று ஒன்று. பேசினவர் யார், எந்த இடம், எத்தனை மணி என்று ஒன்றிலும் இல்லை. 2004 ஐக் கண்ட ஊரில் கடல் வருகிறது என்ற சொல் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வானொலியில் இருந்து அழைத்தார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடைசி அறிவித்தலில் இருந்ததை மட்டும் சொன்னேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சொன்னேன். பெயர், இடம், நேரம் மூன்றும் இல்லாத குரல் பதிவை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம் என்றேன், மின்சாரம் போனால் போன் பற்றரியை எப்படிக் காப்பது என்றேன். என் வாழ்க்கையில் ஊடகத்தில் நான் செய்த பயனுள்ள வேலை அதுதான் என்று நினைக்கிறேன், அதில் என் முகம் இல்லை.

ஊடகங்கள் நம்மைத் தேடுவது பெரும்பாலும் ஏதாவது உடைந்த நாளில்தான். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் முடக்கினார்கள். அந்த நாட்களில், முடக்கிய தளங்களை வேறு வழியால் திறக்கும் வி.பி.என். என்றால் என்ன, இலவசமாகக் கிடைப்பதைப் போடலாமா என்று கேட்டு எனக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. என்னிடம் ஏற்கனவே சோதித்து எழுதிய குறிப்பு இருந்தபடியால் பேச முடிந்தது. 2022 இல் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் போய் எவ்வளவு நேரத்தில் சிக்னலும் போகிறது என்று எங்கள் தெருவில் நான் குறித்து வைத்திருந்தேன். அது பிறகு இரண்டு பத்திகளும் ஒரு நிகழ்ச்சியும் ஆயிற்று. உங்கள் கொப்பி நிறைந்திருந்தால் அப்படி ஒரு நாளில் நீங்களே தயாரிப்பாளருக்கு எழுதலாம். 'நான் தொழில்நுட்ப எழுத்தாளர், வாய்ப்புத் தாருங்கள்' என்று எழுத வேண்டாம். 'கடந்த இரண்டு மாதத்தில் கிண்ணியாவில் இந்த மோசடியோடு ஒன்பது பேர் எங்கள் கடைக்கு வந்தார்கள், நடந்தது இப்படி' என்று எழுதுங்கள். அதை எந்தத் தயாரிப்பாளரும் தள்ளிவைக்கமாட்டார்.

வலைப்பதிவைக் கைவிட வேண்டாம். பேஸ்புக்கில் எழுதினாலும் மூலம் உங்கள் தளத்தில் இருக்கட்டும். கூகுள் பிளஸ் என்று ஒரு சமூக வலைத்தளம் இருந்தது. அங்கே நானும் நண்பர்களும் எழுதிய நீண்ட உரையாடல்கள் 2019 ஏப்ரலில் அது மூடியதோடு போயின. அதற்கு முந்திய இழப்பு ஒன்றும் உண்டு. பத்திரிகைக்கு நான் முதலில் அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்று அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், எந்தத் தேடுபொறிக்கும் அது அகப்படாது. மூன்று வருட எழுத்தை இரவிரவாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறி (யூனிகோட்) முறைக்கு மாற்றினேன், சில கோப்புகள் கிடைக்கவே இல்லை. நீங்கள் தொடக்கத்தில் இருந்தே ஒருங்குறியில் எழுதுகிறீர்கள், நல்லது. மாதம் ஒருமுறை முழுவதையும் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எந்தப் போனில், எந்தத் திகதியில் செய்து பார்த்தீர்கள் என்று மேலே எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து வாசிக்கிறவர் ஏமாறமாட்டார்.

இனிப் புத்தகமும் காப்பும்.

அச்சகம் 500 பிரதிக்கு 180,000 கேட்கிறது, ஒரு பிரதிக்கு 360 ரூபாய். 600 ரூபாய் விலை போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் புத்தகத்துக்குக் கடைகளில் 35 சதவீதம் கழிவு கொடுத்தேன், அதையே வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு வருவது 390. அச்சுச் செலவு போக 30 ரூபாய். ஐந்நூறும் விற்று முடிந்தால் 15,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் நீங்கள் பேச்சாளருக்கும் ஆசிரியருக்கும் நூலகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 50 பிரதியாவது அன்பளிப்பாகக் கொடுப்பீர்கள். அந்த 50 இன் பெறுமதி 19,500. அதோடு கைநட்டம். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பார்சல் அனுப்பும் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை. கடைக்காரர் ஐந்து ஐந்து பிரதியாக எடுத்து, விற்ற பிறகு ஆறு மாதத்தில் காசு தருவார். அடகுக் கடை வட்டி ஆறு மாதம் நிற்காது.

வெளியீட்டு விழா வைத்தால் காசு வரும் என்று சொல்லியிருப்பார்கள். வரும். தலைமையுரை, நயவுரை, முதற் பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை என்று எல்லாம் முறையாக நடக்கும். சனம் வரிசையில் வந்து கடித உறையை மேசையில் வைத்து, விலைக்கு மேலாகவே கொடுத்துப் புத்தகத்தை வாங்கும். நம் ஊர்களில் எழுதுகிறவரைத் தாங்குவது அந்த உறைதான், அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது உறவும் நட்பும் தருகிற காசு. ஒருமுறை தருவார்கள். மண்டபம், பெனர், ஒலிபெருக்கி, சிற்றுண்டி எல்லாம் கழித்துப் பாருங்கள். அதை நம்பிக் கடன்படக் கூடாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. போன்களைப் பற்றிய உங்கள் நூறு பதிவுகளும் புத்தகத்தில் ஒரு வருடம் தாங்காது. நான் 2014 தை மாதம் ஆண்ட்ரொய்ட் போன் பாவிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டேன். திரைப் படங்களோடு, எதை அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டு. அந்த ஆண்டு நவம்பரில் ஆண்ட்ரொய்ட் 5 வந்தது, தோற்றமே மாறிவிட்டது. அடுத்த வருடம் மூதூர்ப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியை என் புத்தகத்தையும் தன் புதுப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'சேர், நீங்க காட்டின இடத்தில ஒண்டும் இல்லையே' என்றா. இரண்டிலும் ஒரு பக்கம்கூட ஒத்துவரவில்லை. மிச்சப் பிரதிகளை நான் விற்கவில்லை. இரண்டாவது புத்தகத்தில் எதை அழுத்துவது என்பதை விட்டுவிட்டு, ஏன் அப்படி நடக்கிறது, ஏமாற்றுகிறவர் எதை நம்பி வருகிறார், நாம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதினேன். அது இன்றும் கேட்டு வாங்கப்படுகிறது.

உங்களுக்கான புத்தகம் அந்தக் கொப்பியில் இருந்து வரும். ஒரு வருடம் எழுதினால் ஐந்நூறு அறுநூறு சம்பவம் சேரும், அதில் நாற்பதைத் தெரிந்தால் போதும். டுபாய் வாப்பா அதில் முதலாவதாக இருக்க வேண்டும். அப்போதும் 500 வேண்டாம், டிஜிட்டல் அச்சில் 100 போடுங்கள். ஒரு பிரதிக்குச் செலவு கூடத்தான், ஆனால் கடன் இல்லை, பிழையிருந்தால் அடுத்த நூறில் திருத்தலாம்.

அந்த நேரத்துக்குத் தேவையான சிலவற்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு. காசு வாங்கி அச்சடித்துத் தருகிறவர் விற்றுத் தரமாட்டார். பிரதியை ஒருங்குறியில் கொடுப்பீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான் பக்கம் அமைக்கிறார்கள், அது ஒருங்குறியை ஏற்காது, பாமினிக்கு மாற்றிப் போடுவார்கள். மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் கொம்பு போட்ட எழுத்துகளும் இடம் மாறும். ஆகவே மாற்றிய பிறகு முழுவதையும் தாளில் எடுத்து ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். கணினியில் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். 16 பக்கம் ஒரு பாரம், 128 பக்கத்தில் நின்றால் 8 பாரம் சரியாக வரும். 132 ஆனால் வெறும் தாளுக்கும் காசு கொடுப்பீர்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். ஐக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நீங்களே பெறலாம். இன்னொருவரின் பெயரில் பெற வேண்டாம். பதிப்புரிமைக்கு இங்கே பதிவு ஒன்றும் தேவையில்லை, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே அது உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். ஆகவே பதிப்பகம் எதுவும் ஒப்பந்தம் நீட்டினால், எத்தனை வருடம், எத்தனை பிரதி, மின்னூல் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விற்று முடிந்த பிறகு நூலகம் நிறுவனத்துக்கு மின்வடிவத்தைக் கொடுத்தால் அவர்கள் இணையத்தில் பாதுகாத்து வைப்பார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு 2005 இல் இருந்து அந்த வேலையைச் செய்து வருகிறார்கள்.

கொழும்பு? தேவையானபோது இரவு ரயிலில் போய்வாருங்கள். அங்கே புதிய போன் அறிமுக விழாக்கள் நடக்கும், பை நிறையப் பொருள் தருவார்கள். பெற்றதைப் பற்றி எழுதினால் பெற்றேன் என்று எழுதுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள். வாசகருக்குத் தெரியாமல் ஒன்றும் வாங்கக் கூடாது. பெயர் எப்படி நிலைக்கிறது என்று யோசிக்கும்போது, நமது கோணேசர் மலைக்குக் கீழே 1956 இல் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க்கை நினைத்துப் பார்ப்பதுண்டு. எழுத்து, புத்தகம், டிவி மூன்றிலும் வாழ்ந்த மனிதர், சந்திரனுக்கு ஆள் போனபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்து விளக்கினவர். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1945 ஒக்டோபரில் ஒரு பிரித்தானிய வானொலித் தொழில்நுட்ப இதழில் வந்த கட்டுரை. பூமியோடு சேர்ந்து சுற்றும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படி நிலைத்து நிற்கும் முதல் செயற்கைக்கோள் மேலே போனது 1964 இல். கணக்குச் சரியாக இருந்தபடியால் கட்டுரை காத்திருந்தது.

ஆங்கிலத்தை விடாமல் வாசியுங்கள். நிறுவனங்களின் உதவிப் பக்கங்களை மூலத்திலேயே வாசிக்க அது வேண்டும். எழுதுவது கிண்ணியாத் தமிழின் வாசத்தோடு இருக்கட்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒரு பட்டறைக்காகக் கிண்ணியா வருகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு உங்கள் கடைப் பக்கம் வருவேன். அதற்குள் கொப்பியில் இருபது நாளாவது எழுதியிருப்பீர்கள். அதை எடுத்து வையுங்கள், இருவரும் இருந்து வாசிப்போம். உம்மாவும் வந்தால் இந்த 390 ரூபாய்க் கணக்கை நானே அவவுக்கு எழுதிக் காட்டுகிறேன்.